உறைபனிக் காலையில் பழைய டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆவதில்லை, எதை முதலில் பார்ப்பது?

கேள்வி:
ஊட்டி பக்கம் முத்தோரை பாலாடாவில் இருக்கிறேன். 2006 மாடல் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், காமன் ரயில் (கம்ப்யூட்டர் மூலம் டீசல் தெளிக்கும் புது முறை) எல்லாம் கிடையாது. கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க வேண்டும். உறைபனி விழ ஆரம்பித்ததிலிருந்து காலை 4 மணிக்கு செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிப்பதில்லை. ஏழெட்டு தடவை சாவி திருப்பினால் ஒரு உதறலோடு பிடிக்கும், ஒரு நிமிடம் வண்டியே ஆடும், அப்புறம் நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. பேட்டரி போச்சு என்றார் மெக்கானிக், புதுசு போட்டும் அப்படியேதான். இப்போது டீசல் பம்ப்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். அவ்வளவு செலவு செய்யலாமா?

பதில்:
பம்ப்பில் கை வைக்க விடாதீர்கள் அண்ணா. தேய்ந்த பம்ப் பெரும்பாலும் இன்ஜின் சூடாக இருக்கும்போதுதான் மக்கர் பண்ணும், உங்களுடையது நேர் எதிர். நாளைக் காலை செல்ஃப் அடிக்கும்போது ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை, அதாவது ஸ்டார்ட் பண்ணும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கில்தான் கோளாறு. புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை, ராத்திரியில் எங்கோ காற்று இழுத்து லைன் காலியாகிறது. அப்படியானால் சாவி போடும் முன் டீசல் ஃபில்டர் மேலுள்ள கைப்பம்ப்பை இறுகும் வரை அமுக்கிப் பாருங்கள், உடனே பிடித்தால் ஹோஸிலோ வாஷரிலோ கசிவு.

கேட்டவர்:
பார்த்தாயிற்று. கண் எரியும் அளவுக்கு வெள்ளைப் புகை. ஆனால் டேஷ்போர்டில் ஹீட்டர் லைட் எரிந்துதான் அணைகிறது, அப்போது பிளக் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பதில்:
இல்லை. பழைய வண்டிகளில் அந்த லைட் நேரத்தை மட்டும்தான் காட்டும், நாலு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் எரியும். பிளக் தலைகளை இணைக்கும் பட்டையைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்ப் கிளிப்பை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, முனையை ஒவ்வொரு பிளக் தலையிலும் வையுங்கள். லேம்ப் எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை, எரியாவிட்டால் அந்த பிளக் போச்சு. நாலும் எரிந்தால் சாவி போட்டதும் பட்டைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள், வராவிட்டால் ரிலே அல்லது ஃபியூஸ். பிளக்கைக் கழற்றும்போது அவசரமே வேண்டாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். உள்ளே உடைந்தால் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கச் சொன்னால் கேட்காதீர்கள், ஹீட்டர் பிளக் உள்ள வண்டியில் அது தப்பான நேரத்தில் பற்றி பிஸ்டனை உடைத்துவிடும்.

இன்னொரு பதில்:
கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரையும் பாருங்கள். வோல்ட் மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸ் முளையில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில், ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை, புது பேட்டரி போட்டும் செல்ஃப் மெதுவாகத்தான் சுற்றும். டீசல் எரிவதற்கான சூடே அமுக்கத்தில்தான் வருகிறது, மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரிலேயே போய்விடும். இன்ஜின் ஆயில் 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அடுத்த முறை குளிரில் அவ்வளவு கெட்டியாகாத 15டபிள்யூ-40க்கு மாறுங்கள், கம்பெனி புத்தகத்தில் அது இருந்தால்.

கேட்டவர்:
மூன்று பிளக் செத்திருந்தது! நாலையும் மாற்றினேன், ஒன்று கழல அரை நாள் ஆனது. எர்த்தில் 0.9 வோல்ட் காட்டியது. கழற்றிப் பார்த்தால் வயர் முனையிலுள்ள லக் முழுக்கப் பச்சை பூத்து, பாதி இழை அறுந்திருந்தது. புது வயர் போட்டதும் 0.2. இன்று காலை கண்ணாடியில் பனியைச் சுரண்டித்தான் எடுத்தேன், ஹீட்டர் லைட் அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், முதல் தடவையிலேயே பிடித்துவிட்டது. ஆறு மணிக்கெல்லாம் மண்டியில் இருந்தேன். ரொம்ப நன்றி அண்ணா, கோத்தகிரிக்காரருக்கும்தான்.