எல்லை தாண்டிய சிறு திட்ட நிதி: அனுபவமுள்ளவர்களின் வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். நான் ஜெர்மனி–நெதர்லாந்து எல்லையோர நகரமான குரோனாவில் வசிக்கிறேன். 1958 முதல் இரு நாட்டு உள்ளாட்சிகளையும் இணைத்துவரும் யூரேகியோ அமைப்பின் அலுவலகமும் இவ்வூரில்தான் உள்ளது. எங்கள் சிறிய பாடகர் குழு, எல்லைக்கு அப்பால் என்ஸ்கடேயிலுள்ள ஒரு குழுவுடன் சேர்ந்து இருமொழிக் கச்சேரி நடத்துவதற்காக, ஐரோப்பிய ஒன்றியத்தின் இன்டர்ரெக் (எல்லை தாண்டிய ஒத்துழைப்புத் திட்டம்) சிறு திட்ட நிதிக்கு விண்ணப்பிக்க விரும்புகிறது.

2021ஆம் ஆண்டு இன்டர்ரெக் ஒழுங்குவிதியின் 25ஆம் பிரிவின்படி, சிறு திட்டமொன்றுக்கான பொது நிதி 1,00,000 யூரோவைத் தாண்டாதபோது, ஒன்றியத்தின் பங்கு பொதுவாக அலகுச் செலவு (ஓர் அலகுக்கு இவ்வளவு என்ற கணக்கு), மொத்தத் தொகை (ஒப்புக்கொண்ட பணிக்கு முன்கூட்டியே முடிவுசெய்த ஒரே தொகை) அல்லது நிலையான விகிதம் (மற்றச் செலவுகளில் குறிப்பிட்ட சதவீதம்) என்ற முறையில்தான் வழங்கப்பட வேண்டும். ரசீதுச் சுமை இதனால் குறைவது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல். முன்பு வேறொரு நிதியில், பேருந்து வாடகை ரசீதில் சங்கத்தின் பெயர் இல்லை என்பதற்காக 340 யூரோவை எங்கள் பொருளாளர் தம் கைப்பணத்திலிருந்து கட்ட நேர்ந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் மொத்தத் தொகை முறையில், ஒப்புக்கொண்ட பணி நிறைவேறியதற்குச் சான்று இல்லையெனில் தொகை முழுவதுமே கைநழுவக்கூடும். ஆகவே, விண்ணப்பத்தில் அந்தப் பணியை எந்தச் சொற்களில் வரையறுத்தீர்கள், வருகைப் பதிவேடும் புகைப்படங்களும் சான்றாகப் போதுமானவையாக இருந்தனவா, பணம் வந்துசேரும் வரை அரங்க வாடகையை எவ்வாறு சமாளித்தீர்கள் என்பதை, இத்தகைய நிதியைப் பெற்றவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். பழைய வரைவு வரவுசெலவுத் திட்டம் ஒன்றைப் பகிர்ந்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.