சீரத்தில் இம்யூன் காம்ப்ளெக்ஸ்: கன்ட்ரோலும் சேர்ந்து ஏறுதே?

கேஎல்_சீரம்:
வணக்கம். லூபஸ் (எதிர்ப்புசக்தி சொந்த உடம்பையே தாக்குற நோய்) நோயாளிகள் சீரத்தில் இம்யூன் காம்ப்ளெக்ஸை (ஆன்டிபாடியும் அது பிடிச்ச பொருளும் சேர்ந்த கூட்டு) அளக்க பெக் 6000 (அதை வண்டலா வீழ்த்துற பாலிஎத்திலீன் கிளைக்கால்) முறை. 0.3 மில்லி சீரம், அதே அளவு 10% பெக், ராத்திரி முழுக்க 4 டிகிரி. மறுநாள் 2000 ஜி-யில 20 நிமிஷம் சுத்தி, வண்டலை பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கழுவிக் கரைச்சு 280 நானோமீட்டர்ல ரீடிங். கூடவே 56 டிகிரியில அரை மணி சூடாக்கின சீரத்தில் சி1கியூ எலைசா (காம்ப்ளெக்ஸைப் பிடிக்கிற சி1கியூ புரதத்தைத் தட்டுல ஒட்டிச் செய்யுற சோதனை). ரெண்டிலும் ஆரோக்கியமானவங்க (கன்ட்ரோல்) சீரமும் ஏறுது. சில நோயாளிகளுக்கு எலைசா மட்டும் எகிறுது, பெக்கில் ஒண்ணும் இல்ல. ரத்தம் கிள்ளான்ல இருந்து ஐஸ் பெட்டியில வருது.

பினாங்கு_பெஞ்ச்:
பாதிக்குப் பாதி கலந்தா உங்க பெக் 5% ஆகுது. அந்த அளவுல காம்ப்ளெக்ஸில் சேராத தனி ஐஜிஜியும் (ரத்தத்தின் சாதாரண ஆன்டிபாடி) கொஞ்சம் விழும். 7% கரைசல் எடுத்து 3.5%-ல நிறுத்துங்க. பெக் கொழகொழன்னு இருக்கும், பிபெட்ல மெதுவா இழுங்க, சொட்டு சொட்டா விட்டு உடனே கலக்குங்க. இல்லேன்னா விழுற இடத்துல மட்டும் செறிவு கூடி எல்லாத்தையும் வீழ்த்திடும்.

கழுவுறது பிபிஎஸ்ஸா? பெக் இல்லாம கழுவினா காம்ப்ளெக்ஸும் கரைஞ்சு போயிடும். குளிர்ந்த 3.5% பெக்கால ரெண்டு தடவை கழுவி, அப்புறம்தான் பிபிஎஸ்ஸில் 37 டிகிரியில ஒரு மணி நேரம் கரைக்கணும். 280-க்கு எந்தப் புரதமும் ஒண்ணுதான், வண்டலில் ஐஜிஜியும், காம்ப்ளெக்ஸோட ஒட்டுற சி3 புரதமும் அளந்தாத்தான் அர்த்தம். ஒவ்வொரு சீரத்துக்கும் பெக் இல்லாத ஒரு குழாய் கூடவே வைங்க.

எலைசா_பிரியன்:
56 டிகிரிதான் வில்லன். சூட்டுல ஐஜிஜி ஒட்டித் திரண்டு, காம்ப்ளெக்ஸ் மாதிரியே சி1கியூவைப் பிடிக்கும். ஸ்டாண்டர்டுக்கு ஐஜிஜியை 63 டிகிரியில 20 நிமிஷம் வேணும்னே சூடாக்குறோமே, அதே வேலை! சூடாக்காம இடிடிஏ (கால்சியம் மாதிரி உலோக அயனிகளைப் பிடிச்சுக்கிற ரசாயனம்) சேர்த்துக்குங்க.

எலைசா மட்டும் ஏறினா சி1கியூவுக்கே எதிரான ஆன்டிபாடியைச் சந்தேகிங்க. லூபஸ்ல, அதுவும் சிறுநீரகம் பாதிச்சவங்ககிட்ட, சாதாரணமா இருக்கும். அதே சீரத்தை 1 மோலார் உப்புக் கரைசல்ல நீர்த்து இன்னொரு தடவை ஓட்டுங்க. காம்ப்ளெக்ஸ் கழண்டுடும், ஆன்டிபாடி ஒட்டியே இருக்கும்.

பினாங்கு_பெஞ்ச்:
ஐஸ் பெட்டியை விட்டுட்டேனே. சீரம் பிரிக்கும் முன்னாடியே குளிர்ந்தா கிரையோகுளோபுலின் (குளிர்ல வண்டலாகுற ஆன்டிபாடி) உறைகட்டியோட கீழே போயிடும். 37 டிகிரித் தண்ணி ஊத்தின தெர்மாஸ்ல கொண்டு வரச் சொல்லுங்க. பிரிச்சதும் சின்னச் சின்ன குழாய்ல மைனஸ் 70. உருக்குறது ஒரே தடவை, திரும்ப உறைய வச்சா அதுவே திரட்டு உண்டாக்கும்.

கேஎல்_சீரம்:
நன்றிங்க. இடிடிஏ எவ்வளவு?

எலைசா_பிரியன்:
0.2 மோலார், பிஹெச் 7.5. சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு பிஹெச் ஏத்தினாத்தான் நல்லா கரையும். 50 மைக்ரோலிட்டர் சீரத்துக்கு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில அரை மணி, உடனே ஐஸ். மூணு மடங்கு நீர்த்துப் போனதைக் கணக்குல சேர்க்க மறந்துடாதீங்க. கான்ஜுகேட்டில் (என்சைம் ஒட்டின ஆன்டிபாடி) இருக்கிற என்சைம் அல்கலைன் பாஸ்ஃபடேஸ்னா தட்டை நல்லா கழுவுங்க, மிச்ச இடிடிஏ அந்த என்சைமை முடக்கிடும். பெராக்ஸிடேஸ்னா அந்தத் தொல்லை இல்ல.