வாய்தாவுக்கு வராத தாய்: பிள்ளையை இல்லத்திலேயே வைத்தது சரியா?

பாலாற்றங்கரை:
எங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை செய்யும் ஒரு பெண். கணவர் இல்லை. ஆறு வயது மகள் பேருந்து நிலையத்தில் தனியாக நிற்பதைப் பார்த்து யாரோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தது. தாய்க்கு விசாரணைத் தேதி எழுதி ஒரு சீட்டு கொடுத்தார்கள். அன்றைக்கு அவரால் வர முடியவில்லை, மறுநாள் போனார். தாய்க்கு அக்கறை இல்லை என்று குறித்துக்கொண்டு ஒரு மாதம் தள்ளிவிட்டார்கள். முன்பணம் வாங்கிய குடும்பம், மேஸ்திரி விட்டால்தான் சூளையைவிட்டு வெளியே வர முடியும். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருக்கிறார். இவருக்கா அக்கறை இல்லை?

தேன்மொழி:
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் நான் இப்படி ஒரு இல்லத்தில் வேலை பார்த்தவள். அம்மா வரும் நாள் என்றால் பிள்ளை காலையிலேயே தலைவாரி ரிப்பன் கட்டிக்கொண்டு கேட்டருகே போய் உட்கார்ந்துவிடும். மதியம் கூப்பிட்டாலும் சாப்பிட வராது. அம்மா வரவில்லை என்றால் அப்புறம் ரெண்டு நாளைக்கு யாரோடும் பேசாது. தாயின் கஷ்டத்தைச் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள், பிள்ளைக்காகக் கேட்க அந்தக் குழுதானே இருக்கிறது? வர முடியாது என்று ஒரு போன் செய்திருக்கலாமே.

கடலூர்க்காரன்:
அதேதான். ஆறு வயதுப் பிள்ளை பஸ் ஸ்டாண்டில் தனியாக ஏன் நின்றது? அதை யாரும் கேட்கவில்லையே.

பாலாற்றங்கரை:
பாட்டியோடு ஊருக்குப் போனபோது கூட்டத்தில் பிரிந்துவிட்டாள். பாட்டியும் அங்கேயே தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். போனைப் பற்றிக் கேட்டீர்கள், சீட்டில் தேதி மட்டும்தான் இருக்கிறது, நம்பர் எதுவும் இல்லை.

கறுப்புக்கோட்டு:
சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் அதிகாரம் உண்டு. பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதுதான் முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி. கைவிடப்பட்ட குழந்தை என்று அறிவிப்பதானாலும் முறையான விசாரணைக்கு அப்புறம்தான் முடியும். சொத்து வழக்கில் ஒரு தரப்பு வராவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு சொல்லலாம், இங்கே அப்படி முடிவெடுக்கக் கூடாது. உத்தரவு பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பெண் என்பதால் வருமானம் எதுவும் பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

கடலூர்க்காரன்:
சட்டம் இருக்கட்டும். பிள்ளையைத் திருப்பி எங்கே அனுப்புவீர்கள்? அதே சூளைக்குத்தானே? சூளையில் சின்னப் பிள்ளைகள் என்ன செய்யும் தெரியுமா? பச்சைக் கல் காய்வதற்கு வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போடும். பள்ளிக்கூடம் கிடையாது. இல்லத்தில் இருந்தால் படிப்பாவது கிடைக்கும். பாசம் மட்டும் போதுமா?

கறுப்புக்கோட்டு:
சூளையைப் பற்றிய பயம் நியாயமானது. ஆனால் அதற்குப் பிள்ளையைப் பிரிப்பது தீர்வாகாது. முன்பணத்துக்காக ஒருவரை வெளியே விடாமல் வைத்திருப்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமை முறை. வரவில்லை என்றதும் ஏன் வரவில்லை என்று குழு கேட்டிருந்தால், கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டிய விஷயம் இது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். வராததைத் தாய்க்கு எதிராக எழுதியிருக்கவே கூடாது, அவரை அங்கே அடைத்து வைத்திருப்பதற்கு அதுவே ஆதாரம். கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அவர் தரும் விடுவிப்புச் சான்று கிடைத்துவிட்டால் அந்தக் கடனும் ரத்து. குழந்தைகளுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகையும் கேட்கலாம், சொந்த ஊரிலேயே வைத்துப் படிக்க வைக்க முடியும்.

தேன்மொழி:
இது எனக்குத் தோன்றவில்லை. சரி, கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள், அதன் நகலைக் குழுவிடமும் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஆனால் தாய் சூளையைவிட்டு வெளியே வரும்வரை பிள்ளையை அனுப்பச் சொல்லாதீர்கள், அதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

பாலாற்றங்கரை:
அதுவரை எத்தனை மாதம் ஆகும்? பாட்டி ஊரில்தான் இருக்கிறார், ஓட்டு வீடானாலும் சொந்த வீடு, பள்ளிக்கூடமும் பக்கத்தில். பாட்டியிடம் விடலாமே?

தேன்மொழி:
அதைக் கேளுங்கள். வீட்டு விசாரணைக்கு ஆள் வரும்போது பாட்டி வீட்டில் இருக்கட்டும். அடுத்த தேதி வரைக்கும் தாயும் பிள்ளையும் போனில் பேச அனுமதியும் கேட்டு வாங்குங்கள், மறந்துவிடாதீர்கள்.