உதவி: வினாத்தாள் அச்சடித்த பிறகு கூகுள் ஷீட்டில் எண்கள் எல்லாம் மாறிவிட்டன

அல்சூர் டீச்சர்:
வணக்கம். பெங்களூரில் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். போன வருட வினாத்தாளை அப்படியே கொடுத்தால் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே சுற்றியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் புதிதாக எழுத எனக்குத் தெம்பில்லை. அதனால் கூகுள் ஷீட்டில் ஒரே கணக்கை வைத்து, ராண்ட்பிட்வீன் (இரண்டு எண்களுக்கு நடுவே ஏதோ ஒரு எண்ணைத் தானே எடுக்கும் ஃபார்முலா) போட்டு, 40 பிள்ளைகளுக்கும் வேறு வேறு எண்கள் வரவைத்து அச்சடித்தேன். கணக்கு இது: மெட்ரோ ரயில் இத்தனை கி.மீ. வேகத்தில் வருகிறது, ஒரே சீராகப் பிரேக் போட்டு இத்தனை வினாடியில் நிற்கிறது, அதற்குள் எவ்வளவு தூரம் ஓடும்? (முதலில் பஸ் என்றுதான் எழுதினேன். எப்போதும் நெரிசலான சில்க் போர்டு சந்திப்பில் 72 கி.மீ. வேகத்தில் பஸ்ஸா என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.)

தேர்வு முடிந்து ஷீட்டைத் திறந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி சேர்த்தேன். எல்லா எண்ணும் மாறிவிட்டது! இப்போது எப்படித் திருத்துவது?

பழைய சாக்பீஸ்:
ராண்ட்பிட்வீன் அப்படித்தான் மேடம். ஷீட்டில் எங்கே கை வைத்தாலும் மறுபடி உருட்டும். அச்சுக்கு முன்பே மொத்தத்தையும் நகலெடுத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வி கொடுத்து மதிப்புகளாக மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். பிள்ளைகள் வினாத்தாளிலேயே பதில் எழுதினார்களா? அப்படியானால் தப்பித்தீர்கள். அதைப் பார்த்து வேகம், நேரம் இரண்டையும் ஷீட்டில் தட்டிவிடுங்கள்.

கே.ஆர்.புரம் தம்பி:
அக்கா, உருட்டலே வேண்டாம். ரோல் நம்பரிலிருந்தே எண்ணை எடுங்கள். ரோல் நம்பரை 4-ஆல் வகுத்து வரும் மீதியோடு 1 கூட்டி, 18-ஆல் பெருக்கினால் வேகம். 18 ஏன் என்றால், மணிக்கு 18 கி.மீ. என்பது வினாடிக்கு சரியாக 5 மீட்டர். பின்னம் வராது. 5-ஆல் வகுத்த மீதியை இரட்டித்து 16 கூட்டினால் நேரம். 23-ஆம் நம்பருக்கு 72 கி.மீ. (வினாடிக்கு 20 மீட்டர்), 22 வினாடி. இரண்டையும் பெருக்கிப் பாதியாக்கினால் விடை 220 மீட்டர். எத்தனை முறை திறந்தாலும் அதேதான். மீதிக்கு ஷீட்டில் மாட் என்ற ஃபார்முலா இருக்கிறது.

அல்சூர் டீச்சர்:
வினாத்தாளில்தான் எழுதினார்கள், பிழைத்தேன். தம்பி, அடுத்த வருடமும் 23-க்கு 72, 22 தானே வரும்?

கே.ஆர்.புரம் தம்பி:
வகுப்பதற்கு முன் ரோல் நம்பரோடு வருடத்துக்கு ஒரு ரகசிய எண் கூட்டுங்கள். வேகத்துக்கு 1, நேரத்துக்கு 3 என்றால் அதே 23-க்கு 18 கி.மீ., 18 வினாடி, 45 மீட்டர். ஒன்று மட்டும்: நாலும் ஐந்தும் பெருக்கினால் 20. அதனால் 20 பேருக்கு ஒருமுறை அதே கணக்கு திரும்ப வரும்.

ரிட்டயர்டு வாத்தியார்:
எண் மாறினால் போதுமா அம்மா? சூத்திரத்தை மனப்பாடம் செய்தவன் எந்த எண்ணுக்கும் போட்டுவிடுவான். சரியான விடைக்குப் பக்கத்தில் தவறான விடைகளுக்கும் இரண்டு பத்தி வையுங்கள். தம்பி சொன்ன 72, 22 கணக்கில் பாதியாக்க மறந்தால் 440. கி.மீ.யை மீட்டராக்க மறந்தால் 792. யார் எங்கே வழுக்கினார்கள் என்று திருத்தும்போதே தெரியும்.

அப்புறம் அந்த 792-ஐத் தூக்கிப் போடாதீர்கள், அடுத்த வருடக் கேள்வியே அதுதான். பெயரை எடுத்துவிட்டு விடைத்தாளை அப்படியே கொடுத்து, “ரயில் 792 மீட்டர் ஓடி நிற்கும் என்கிறது இந்த விடை. பிளாட்பாரத்தோடு ஒப்பிட்டுப் பார், நம்ப முடிகிறதா? எந்த வரியில் தப்பு?” என்று கேளுங்கள். பழைய விடை வாட்ஸ்அப்பில் வந்தாலும், எந்த வரி, ஏன் என்று அவன்தான் எழுத வேண்டும்.

அல்சூர் டீச்சர்:
சார், நேற்று இரவு திருத்தி முடித்தேன். 11 பேர் கி.மீ.யை மாற்றவில்லை. இது தெரியாமல் அடுத்த பாடத்துக்குப் போயிருப்பேன். அந்த 11 தாளையும் பெயரை மறைத்து ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டேன்.

தம்பி, அடுத்த தேர்வுக்கு உங்கள் முறையில் ஷீட் தயார். 1-ஆம் நம்பரும் 21-ஆம் நம்பரும் ஒரே பெஞ்ச். இன்று காலை இடம் மாற்றிவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை.