கூப்பர்ஸ்டவுன் வாதம்: எந்த எண் எடுபடும், எது காலை வாரும்?

கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (தலைசிறந்த வீரர்களுக்கான புகழ் மண்டபம்) என்று பேச்செடுத்தாலே 3000 ஹிட் (பந்தை அடித்து பேஸை அடைவது), 500 ஹோம் ரன் (அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது), பந்து வீசும் பிட்சருக்கு 300 வெற்றி என்ற மூன்று எண்களில் போய் நிற்கிறது. அதைத் தாண்டி ஒரு வீரருக்காக வாதாடிப் பழகியவர்கள், எந்தக் கணக்கு எடுபடும், எது சொதப்பும் என்று எழுதுங்கள். விதிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: குறைந்தது 10 சீசன் ஆடியிருக்க வேண்டும், ஓய்வுபெற்று 5 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வாக்களிக்கும் பேஸ்பால் எழுத்தாளர் 10 பெயர் வரை குறிக்கலாம். 75% கிடைத்தால் உள்ளே, 5%க்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே வெளியே. முன்பு 15 ஆண்டு பட்டியலில் இருக்கலாம். 2014இல் அதை 10 ஆக்கிவிட்டார்கள்.

*

பேட்டிங் சராசரியோடு தொடங்காதீர்கள். கிரிக்கெட் சராசரி மாதிரி இது ரன் கணக்கு அல்ல. ஹிட்டை அட்-பேட்டால் (பேட் பிடிக்க வந்த முறைகளால்) வகுப்பது. நான்கு தவறான பந்துகளை அடிக்காமல் விட்டு, இலவசமாக முதல் பேஸுக்குப் போகும் வாக் இந்தக் கணக்கிலேயே வராது. டோனி குவின் 3141 ஹிட், சராசரி 0.338, முதல் வாய்ப்பிலேயே 2007இல் உள்ளே போனார். டிம் ரெய்ன்ஸ் 2605 ஹிட், 0.294, பத்தாவது, கடைசி வாய்ப்பான 2017 வரை காத்திருந்தார். ஆனால் ஹிட், வாக், உடலில் பந்து பட்டது மூன்றையும் கூட்டினால் ரெய்ன்ஸ் பேஸுக்குப் போனது 3977 முறை, குவின் 3955. ரெய்ன்ஸை உள்ளே தள்ளியதில் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்காக இருவரும் சமம் என்று முழங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். ஏற்கெனவே பேஸில் நிற்பவரை ஹிட் நகர்த்தும் அளவுக்கு வாக் நகர்த்தாது. அந்த இடைவெளியை அடைக்க ரெய்ன்ஸின் 808 திருட்டு பேஸ்களையும் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடித்தது), அதில் சுமார் 85% வெற்றி விகிதத்தையும் சேர்த்து வையுங்கள். திருட்டு எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அரைக் கணக்கு. பிடிபட்டால் ஓர் அவுட் போகிறதே!

*

மைதானம் அடுத்த பொறி. டென்வரில் உள்ள கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,200 அடி. காற்று லேசு என்பதால் அடித்த பந்து தூரம் போகும், வீசிய பந்து வளைவது குறையும். அங்கே பல ஆண்டு ஆடிய லாரி வாக்கரின் 0.313 சராசரியை எடுத்து வைத்ததும் எதிராளி, "வெளியூரில் 0.278தானே" என்பார். இதற்குப் பதில் இரண்டு. வாக்கரின் மொத்த பேட்டிங் வாய்ப்புகளில் கூர்ஸ் ஃபீல்டில் வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இரண்டாவது, மைதானத்தையும் காலத்தையும் ஏற்கெனவே கழித்துக் கணக்கிடும் ஓபிஎஸ் பிளஸ் என்ற பேட்டிங் அளவில் அவர் 141. லீக் சராசரி 100. அந்த 141ஐச் சொன்ன பிறகும் "கூர்ஸுக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பவர் ஒரே வரியை இரண்டு முறை பிடிக்கிறார். வாக்கரின் உண்மையான பலவீனம் காயங்கள்: 17 சீசனில் 1,988 ஆட்டம்தான். 2020இல், கடைசி வாய்ப்பில், 76.6% வாங்கித்தான் தப்பினார்.

*

பிட்சர் என்றால் வெற்றி எண்ணிக்கையை ஓரமாக வையுங்கள். தன் அணி எத்தனை ரன் எடுக்கிறது என்பது பிட்சர் கையில் இல்லை. 2010இல் 13 வெற்றி, 12 தோல்வி என்ற கணக்கோடு ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியதே அந்தப் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டதற்குச் சான்று.

பெர்ட் பிளைலெவனா, ஜாக் மோரிஸா என்ற சண்டை பல ஆண்டு ஓடியது. பிளைலெவன்: 287 வெற்றி, 3.31 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் கணக்கில் விட்ட ரன், குறைந்தால் நல்லது), 3701 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டரை வீசியே வெளியேற்றியது), 60 ஷட் அவுட் (ரன்னே விடாமல் முடித்த ஆட்டம்). மோரிஸ்: 254 வெற்றி, 3.90 இஆர்ஏ, 2478 ஸ்ட்ரைக் அவுட். "அணி முன்னிலையில் இருக்கும்போது மோரிஸ் தளர்த்தி வீசுவார், அதனால்தான் இஆர்ஏ அதிகம்" என்று ஒரு வாதம் உண்டு. ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு போக்கு தென்படவில்லை. 1991 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் அவர் 10 இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் வீசியது மகத்தானது, மறுக்கவில்லை. ஆனால் அது ஓர் இரவு. பிளைலெவன் வாங்கிய வாக்கு 1998இல் 17.5%, 2011இல் 79.7%. இடையில் ஒரு பந்துகூட அவர் புதிதாக வீசவில்லை. பார்க்கிற கண்தான் மாறியது. எழுத்தாளர்கள் 15 முறை கைவிட்ட மோரிஸைப் பிறகு, எழுத்தாளர்கள் விட்டவர்களை மறுபடி பார்க்கும் ஒரு தனிக் குழு 2018இல் உள்ளே கொண்டுவந்தது.

*

வார் (WAR) என்ற கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லையே. எளிதில் கிடைக்கும் மாற்று ஆட்டக்காரரைவிட ஒருவர் எத்தனை வெற்றி கூடுதலாகத் தந்தார் என்ற மதிப்பீடு அது. சுமார் 10 ரன் ஒரு வெற்றி. ஜே ஜாஃபி உருவாக்கிய ஜாஸ் (JAWS) என்ற அளவு, மொத்த வாரையும் சிறந்த 7 சீசன்களின் வாரையும் கூட்டி இரண்டால் வகுக்கிறது. நீண்ட காலம் ஆடியதற்கும் உச்சத்துக்கும் அதில் இடம் உண்டு.

இதில் சறுக்கும் இடம்: பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளம் வாரை ஒரு மாதிரி கணக்கிடும், ஃபேன்கிராஃப்ஸ் தளம் வேறு மாதிரி. பிட்சருக்கு முன்னது விட்ட ரன்களிலிருந்து தொடங்கும், பின்னது ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன்னிலிருந்து. ஒருவருக்கு அங்கிருந்தும் இன்னொருவருக்கு இங்கிருந்தும் எடுத்தால் வாதமே செல்லாது. இரண்டு மூன்று வார் வித்தியாசத்துக்காகச் சண்டையும் போடாதீர்கள். பழைய கால ஃபீல்டிங் மதிப்பீட்டில் அவ்வளவு பிழை சாதாரணம்.

உச்சத்துக்கு நல்ல சோதனை: பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் 165 வெற்றி, இஆர்ஏ பிளஸ் (மைதானத்தையும் காலத்தையும் கழித்த இஆர்ஏ, சராசரி 100, கூடினால் நல்லது) 131. யோஹான் சான்டானா 139 வெற்றி, 136. முன்னவர் 1972இல் முதல் வாய்ப்பிலேயே தேர்வு, பின்னவர் 2018இல் 2.4%. சான்டானாவுக்கு அநியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் சமம் என்று சொல்ல மாட்டேன். கோஃபாக்ஸ் 1965இல் 335 இன்னிங்ஸுக்கு மேல் வீசினார், அடுத்த ஆண்டு 323. சான்டானா எந்த சீசனிலும் 240ஐத் தொடவில்லை.

*

"ஹெரால்ட் பெயின்ஸே உள்ளே இருக்கிறார், இவருக்கு என்ன குறை?" வேண்டவே வேண்டாம். பெயின்ஸுக்கு வார் சுமார் 39, அவரைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழு. அவரை அளவுகோலாக்கினால் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கதவு திறக்க வேண்டும். அதே ஃபீல்டிங் இடத்தில் ஆடி ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களின் நடுமதிப்போடு ஒப்பிடுங்கள். சுமார் 75 வார் வைத்திருந்தும் 2001இல் 2.9%யோடு வெளியேறிய லூ விட்டேக்கருக்கு அப்படி வாதாடினால் கேட்கிறவருக்கு மறுக்க வழியில்லை.

*

வேலைநிறுத்த ஆண்டுகளை மறந்துவிடாதீர்கள். 1994 சீசன் ஆகஸ்ட் 12இல் நின்றுபோனது, 1995இல் 144 ஆட்டம்தான். ஃபிரெட் மெக்ரிஃப் 1994இல் 113 ஆட்டத்தில் 34 ஹோம் ரன் அடித்திருந்தார். வாழ்நாள் மொத்தம் 493. எழுத்தாளர்களிடம் 10 முறையும் தோற்று, கடைசியில் குழு வாக்கெடுப்பில் 16க்கு 16 வாங்கினார்.