டிராஃபிக்ல நின்னா சூடாகுற பழைய சர்ஃப்

இங்க பர்மாவுல நம்ம ஆளுங்க நிறைய பேரு வீட்ல இன்னும் ஜப்பான்லேருந்து வந்த பழைய சர்ஃப், பஜேரோ ஜீப்புங்க தான் ஓடுது, அதான் எழுதுறேன். எங்களோடது 97 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப், 3 லிட்டர் டீசல் டர்போ. தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி அந்த வெயில்ல, ரங்கூன் லேடான் ஜங்ஷன்ல ஏசி போட்டு நின்னா டெம்பரேச்சர் முள்ளு பாதியத் தாண்டி ஏறும், வண்டி நகர்ந்தா இறங்கிடும். அம்மாவ ஏத்திக்கிட்டு பகோ வரைக்கும் போனப்ப ஒண்ணுமே ஆகல.

ஒரு ஒர்க் ஷாப்ல பானெட்டக் கூட சரியா தொறந்து பாக்காம ஹெட் கேஸ்கட் (இஞ்சின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடில இருக்குற சீல்) போச்சு, ஹெட்ட கழட்டணும்னுட்டாங்க. எனக்கு அதுல கோவம் தான். நின்னா சூடாகுதா, ஓடுனா சூடாகுதான்னு முதல்ல கேக்க வேணாமா? நிக்கும்போது மட்டும்னா ஃபேன் காத்த இழுக்கலன்னு சந்தேகப்படணும். மேடு ஏறும்போது, வேகமா போகும்போது சூடானா ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் (சூட்டுக்குத் தக்க தண்ணிய விடுற வால்வு) பக்கம் பாக்கணும். ராத்திரி பூரா ஆறின வண்டில காலைல மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகி இருந்தா, இல்ல ஆறின வண்டி மூடியத் தொறந்து ஸ்டார்ட் பண்ணதும் தண்ணில விடாம கொப்புளம் வந்துக்கிட்டே இருந்தா, அப்ப ஹெட்டப் பத்தி பேசலாம்.

எங்க தெருவுல ஒரு வயசான பர்மாக்காரர், எல்லாரும் சயான்னு (பர்மா பாஷைல வாத்தியார்) தான் கூப்பிடுவோம். சூடா இருந்த இஞ்சின ஆஃப் பண்ணச் சொல்லிட்டு ஃபேன கையால சுத்திப் பாத்தாரு, இழுத்துப் பிடிக்க வேண்டிய ஃபேன் சும்மா கரகரன்னு சுத்துது. சூடானா ஃபேன இழுத்துப் பிடிச்சு சுத்த வைக்கிற ஃபேன் கிளட்ச் நடுவுல சிலிகான் ஆயில் கசிஞ்சு அதுல தூசி ஒட்டி கறுப்பா கோடு விழுந்திருந்துச்சு. இத்தன வயசான வண்டிக்கு அது தேய்மானம். ரேடியேட்டர் மூடி ரப்பரும் வெடிச்சிருந்துச்சு, மூடி மேல 0.9, 1.1னு பிரஷர் நம்பர் இருக்கும், பழைய நம்பர் பாத்தே வாங்குங்க. சூடா இருக்கும்போது மூடில கையே வைக்காதீங்க. ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல போன மழை சேறு அப்படியே காஞ்சு கெடந்துச்சு, இஞ்சின் பக்கத்துலேருந்து வெளிய பாத்து மெதுவா தண்ணி அடிச்சு கழுவினோம். இதெல்லாம் சரி பண்ணதுக்கு அப்புறம் இப்ப முள்ளு பாதிய விட்டு அசையல.

இன்னொண்ணு, 1970ல ரோடு வலது பக்கம் மாறியும் நாம ஓட்டுறது வலது பக்க ஸ்டியரிங் வண்டி, ஓவர்டேக் பண்ணணும்னா இடது சீட்டுல இருக்குறவங்க எட்டிப் பாத்து சொல்லணும், அந்தப் பரபரப்புல முள்ளு மேல கண்ணே போகாது. சூடானா சத்தம் போடுற அலாரம் ஒண்ணு மாட்டிக்குங்க. இந்த இஞ்சின் ஹெட்டு அலுமினியம், ஒரு தடவ நல்லா சூடேறினாலே விரிசல் விடலாம்.

மோல்மேன்லேருந்து ஒருத்தர் எழுதினது:
தம்பி சொன்னது சரி. எங்க ஊரு மழைக்கு வேற பிரச்சின, டிரம்ல வச்சு விக்கிற டீசல்ல தண்ணி கலந்துடும். டீசல் ஃபில்டர் விளக்கு எரிஞ்சா அப்படியே ஓட்டாதீங்க, ஃபில்டருக்கு அடில இருக்குற திருகத் தளத்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க, தண்ணி கீழ தங்கி டீசல் மேல நிக்குறது கண்ணுக்கே தெரியும். சுத்த டீசல் வந்ததும் திருகி மூடிட்டு, ஃபில்டர் மேல இருக்குற கை பம்ப இறுகுற வரைக்கும் அமுக்குங்க. இஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பெரிய பம்புக்குள்ள தண்ணி போச்சுன்னா செலவு தாங்காது.

பகோலேருந்து ஒரு அக்கா கேட்டது:
தம்பி, எங்க சர்ஃப்ல டைமிங் பெல்ட் (வால்வும் பிஸ்டனும் ஒத்துப் போக வைக்கிற பெல்ட்) எப்ப மாத்துனாங்கன்னே தெரியல, பெல்ட் விளக்கும் எரியல, ஓட்டலாமா?

என் பதில்: அக்கா, ஜப்பான் வண்டில அந்த விளக்கு 1,00,000 கிலோமீட்டர்ல எரியும், ஆனா மீட்டர யாராவது திருப்பி வச்சிருந்தா அத நம்ப முடியாது. பானெட்டுக்குள்ள ஜப்பான் எழுத்துல தேதியும் கிலோமீட்டரும் போட்ட ஸ்டிக்கர் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா பெல்ட்ட இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரோட சேத்து மாத்திடுங்க, பெல்ட் அறுந்தா பிஸ்டன் வால்வுல இடிச்சிடும், ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்கக்கா.