கிளவுடுக்கு மாறும்போது பழைய லைசென்ஸைக் கையோடு கொண்டுபோனவர்கள்: நம்ம கரை அனுபவங்கள்

மண்டபத்தான்:

மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனத்தில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரத்தில் 41 செ.மீ. மழை கொட்டியதே, அதற்கப்புறம்தான் சர்வரை இனி இங்கே வைக்க வேண்டாம் என்று எங்கள் முதலாளி முடிவெடுத்தார். உப்புக்காற்று வேறு. மெமரி ஸ்லாட்டுகளின் முனை பச்சை பூத்துக் கிடப்பதை இந்தக் கரையில் சர்வர் வைத்திருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். மைக்ரோசாஃப்ட்டின் கிளவுடான (இணையம் வழி வாடகைக்குத் தரும் சர்வர் சேவை) அஸ்யூரின் தென்னிந்திய மண்டலம் சென்னையில் இருப்பதால் அங்கே போனோம்.

டேட்டாவை எப்படி நகர்த்துவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது லைசென்ஸ் பற்றி. காசு மிஞ்சுவதும் வீணாவதும் அங்கேதான்.

முதலில் பழைய பில்களையெல்லாம் மேஜையில் பரப்பினேன். விண்டோஸ் சர்வர் மெஷினோடு சேர்ந்து வந்த ஓ.இ.எம். லைசென்ஸ். கேபினட்டின் பக்கவாட்டில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாதி எழுத்து அழிந்திருந்தது. அது அந்த இரும்புப் பெட்டியோடு பிறந்தது, அதோடேயே முடியும். கிளவுடுக்கு வராது. வாங்கிய 90 நாளுக்குள் சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (தனிக் கட்டணம் கட்டி எடுக்கும் கூடுதல் உரிமை ஒப்பந்தம்) சேர்த்திருந்தால் கதை வேறு. எங்களுக்கு விற்ற கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. இங்கே யாராவது புது சர்வர் வாங்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து அந்த 90 நாளை மனதில் வையுங்கள்.

டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.க்யூ.எல். சர்வர் ஸ்டாண்டர்ட் எடிஷனை வால்யூம் லைசென்ஸாகத் தனியே வாங்கியிருந்தோம். கோர் (பிராசஸருக்குள் இருக்கும் அலகு) கணக்கில் 8, சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸும் உயிரோடு இருந்தது. இதைத்தான் கொண்டுபோனோம். பழைய மெஷினில் நாலு கோர் பிராசஸர் இரண்டு. அதனால்தான் 8 வாங்க வேண்டியிருந்தது. கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் வர்ச்சுவல் மெஷினில் எங்கள் வேலைக்கு 4 வி.சி.பி.யு. (மெய்நிகர் பிராசஸர்) போதும். ஒரு வர்ச்சுவல் மெஷினுக்குக் குறைந்தது 4 கோர் லைசென்ஸ் வேண்டும் என்பது விதி. ஆக 4 இங்கே போக, மீதி 4 ஏற்றுமதி ஆவணங்களுக்கான இன்னொரு மெஷினுக்குக் கிடைத்தது. இந்த இரண்டு மெஷினுக்கும் எஸ்.க்யூ.எல். லைசென்ஸுக்காகப் புதிதாக ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

அஸ்யூரின் போர்ட்டலில் (நிர்வாகப் பக்கம்), சொந்த லைசென்ஸைப் போடுகிறோம் என்று சொல்ல ஹைப்ரிட் பெனிஃபிட் என்று ஒரு டிக் பெட்டி வரும். டிக் போட்டதும் அடுத்த மணி நேரத்திலிருந்தே பில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் யாரும் எந்தக் காகிதமும் கேட்பதில்லை. ஆனால் அந்த டிக் ஒரு உறுதிமொழி. என்றைக்காவது தணிக்கை வந்தால், அந்த நாளில் அஷ்யூரன்ஸ் நடப்பில் இருந்ததா என்று கேட்பார்கள். ஒவ்வொரு டிக்குக்கும் நேரே எந்த ஒப்பந்த எண், எத்தனை கோர் என்று ஒரு நோட்டில் எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

பழையதும் புதியதும் சேர்ந்து ஓட 180 நாள் அனுமதி உண்டு. இது பெரிய ஆறுதல். கணக்குப் பிரிவினர் இரண்டிலும் ஒரே அறிக்கையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தியான பிறகே பழையதை அணைத்தோம்.

இன்னொரு விஷயம் நம்ம கரைக்கே உரியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. கொள்முதல், தரம்பிரிப்பு பதியும் மெஷினுக்கு வேலையே இல்லை. அதற்கும் சொந்த லைசென்ஸையே போடலாம் என்று சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சொந்த லைசென்ஸுக்கு, மெஷின் தூங்கினாலும் ஓடினாலும் அஷ்யூரன்ஸ் கட்டணம் கட்டித்தான் ஆக வேண்டும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த லைசென்ஸ் மெஷினை நிறுத்தினால் நின்றுவிடும். அதனால் வருஷம் முழுக்க ஓடும் டேட்டாபேஸுக்குச் சொந்த லைசென்ஸ், தடைக்காலத்தில் ஓயும் மெஷினுக்கு வாடகை லைசென்ஸ் என்று பிரித்தோம். நிறுத்துவது என்றால் விண்டோஸுக்குள் போய் ஷட்டவுன் கொடுப்பது போதாது, மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். போர்ட்டலிலிருந்து நிறுத்தி, டீஅலோகேட்டட் (மெஷின் விடுவிக்கப்பட்டது) என்று காட்டுகிறதா எனப் பாருங்கள்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். குறிப்பாக ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்கள்.

தங்கச்சிமடத்துப் பெண்:

அண்ணே, எங்களுடையது சின்ன இடம். ஐஸ் பிளான்ட், கூடவே படகு உதிரிபாகக் கடை. பில்லிங் சாஃப்ட்வேர் யு.எஸ்.பி. டாங்கிளில் (கம்ப்யூட்டரில் செருகி வைக்கும் லைசென்ஸ் சாவி) ஓடியது. கிளவுடில் டாங்கிளை எங்கே செருகுவது? விற்றவர்களிடம் கேட்டால் முதலில் புதிதாக வாங்குங்கள் என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். டாங்கிள் பழுதானால் மாற்று வழி தர வேண்டும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். அந்த வரியைப் படம் எடுத்து அனுப்பினேன். சிறு கட்டணத்தில் சாஃப்ட்வேர் கீயாக மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கீ நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியோடு (அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்) கட்டிப் போடப்படுகிறது. அமேசானின் கிளவுடான ஏ.டபிள்யூ.எஸ்.ஸில் நெட்வொர்க் இன்டர்ஃபேஸைத் தனியாக உருவாக்கி மெஷினில் இணைத்தோம். மெஷினை அழித்துப் புதிதாகப் போட்டாலும் அதே இன்டர்ஃபேஸை மாட்டினால் மேக் முகவரி மாறாது, கீயும் செத்துப்போகாது.

டேலி வைத்திருப்பவர்கள், பழைய கம்ப்யூட்டரில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழையதை ஃபார்மேட் அடித்த பிறகு நினைத்துப் பார்த்தால் அலைச்சல்தான்.

ரிமோட் டெஸ்க்டாப்பில் எல்லோரும் உள்ளே வந்து வேலை பார்ப்பதாக இருந்தால், விண்டோஸ் சர்வர் தருகிற இரண்டு இணைப்பு நிர்வாகத்துக்கு மட்டும். கணக்குப்பிள்ளைகள் உட்கார்ந்து பில் போட ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் கேல் (உள்ளே வந்து வேலை பார்ப்பதற்கான அனுமதி லைசென்ஸ்) வேண்டும். அஷ்யூரன்ஸ் இருக்கும் யூசர் கேலை (ஆள் கணக்கு) கிளவுடுக்குக் கொண்டுபோகலாம், டிவைஸ் கேலை (கம்ப்யூட்டர் கணக்கு) முடியாது. எங்கள் பக்கம் பல கடைகள் இதைக் கவனிக்காமல் ஓட்டுகின்றன, அதனால் சொல்கிறேன்.

கீழக்கரை காக்கா:

துபாயில் வேலை பார்த்துவிட்டு இப்போது ஊரில் இருந்தபடியே இரண்டு நிறுவனங்களுக்கு டேட்டாபேஸ் பார்க்கிறேன். தம்பி ஆரக்கிள் கேட்டதால் எழுதுகிறேன்.

என்டர்பிரைஸ் எடிஷன் என்றால் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பாருங்கள். சொந்த சர்வரில் இன்டெல் கோருக்கு 0.5 என்று கோர் ஃபேக்டர் உண்டு. 8 கோர் இருந்தால் 4 லைசென்ஸ் போதும். ஏ.டபிள்யூ.எஸ்., அஸ்யூர் போன்ற இடங்களுக்குப் போனால் அந்த ஃபேக்டர் செல்லாது. ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோர் இரண்டு போல வேலை செய்வது) இருந்தால் 2 வி.சி.பி.யு.வுக்கு ஒரு லைசென்ஸ். அதாவது அதே 8 கோர் பலத்துக்கு 16 வி.சி.பி.யு., 8 லைசென்ஸ். கைவசம் 4தான். என் வாடிக்கையாளர் இந்த இடத்தில்தான் ஆடிப்போனார். ஆரக்கிளின் சொந்தக் கிளவுடில் ஒரு லைசென்ஸுக்கு 2 ஓ.சி.பி.யு. (ஒவ்வொன்றும் ஒரு முழுக் கோர்) கிடைக்கும் என்பதால் இருந்த 4லேயே முடிந்தது. டேட்டாபேஸ் மட்டும் அங்கே, அப்ளிகேஷன் வேறு இடத்தில் என்று வைத்தோம். நெட்வொர்க் தாமதம் கொஞ்சம் உண்டு, தாங்கக்கூடியதுதான்.

ஸ்டாண்டர்ட் எடிஷன் 2 வைத்திருப்பவர்கள் இவ்வளவு பயப்பட வேண்டாம். அங்கே 4 வி.சி.பி.யு. ஒரு சாக்கெட் (பிராசஸர் செருகும் இடம்) என்று எண்ணுவார்கள், 8 வி.சி.பி.யு. வரைதான் ஓட்ட முடியும்.

தேவிபட்டினம் பையன்:

காக்கா, அண்ணே, ஒரு சந்தேகம். எங்கள் கம்பெனி ஏ.டபிள்யூ.எஸ். மும்பைக்குப் போகிறது. விண்டோஸ் லைசென்ஸ் 2021இல் வாங்கியது. டெடிகேட்டட் ஹோஸ்ட் (நமக்கு மட்டும் ஒதுக்கும் முழு சர்வர்) எடுத்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் டீலர். சரிதானா?

மண்டபத்தான்:

வேண்டாம் தம்பி. 2019 அக்டோபர் 1க்கு முன் வாங்கியிருந்தால்தான் அந்த வழி. அதற்குப் பிறகு வாங்கியதை அமேசான், கூகுள், அலிபாபா, மைக்ரோசாஃப்ட் இவர்களின் டெடிகேட்டட் ஹோஸ்டில் அஷ்யூரன்ஸ் இல்லாமல் போட முடியாது. அஷ்யூரன்ஸ் இருந்தாலும் விண்டோஸ் சர்வருக்கு லைசென்ஸ் மொபிலிட்டி (லைசென்ஸை வேறொருவர் கிளவுடுக்குக் கொண்டுபோகும் உரிமை) கிடையாது. மும்பையில் விண்டோஸை மணிக்கணக்கு வாடகைக்கே எடுங்கள். அந்த டீலரிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பின்வாங்கிவிடுவார்.

எஸ்.க்யூ.எல்.லுக்கு அஷ்யூரன்ஸ் இருந்தால் அதைச் சாதாரண மெஷினிலேயே கொண்டுபோகலாம். நிறுவிய 10 நாளுக்குள் மொபிலிட்டி சரிபார்ப்புப் படிவத்தை அனுப்பிவிட வேண்டும். அப்புறம், மெஷினைத் தொடங்கும்போதே சி.பி.யு. ஆப்ஷனில் ஹைப்பர்த்ரெடிங்கை அணைத்தால் மெமரி குறையாமல் வி.சி.பி.யு. பாதியாகும், எஸ்.க்யூ.எல். லைசென்ஸும் பாதியாகும். டேட்டாபேஸுக்குப் பெரும்பாலும் மெமரிதான் பசி. 8 வி.சி.பி.யு. மெஷினை 4 ஆக்கிப் பாருங்கள். மாதக் கடைசி அறிக்கை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்துவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள் தம்பி, எனக்கும் அது வேண்டும்.